நயினார் பெட்டியில் இருந்த மழை

இதைக் கேட்டுவிட்டு இப்படியெல்லாம் நடக்குமா என்று முகம் சுளிப்பவர்கள், முதலில் எங்கள் கப்பல்காரன் தெருவின் அடிபம்புத் தண்ணீரில் ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வரட்டும், அப்புறம் பேசலாம். தூத்துக்குடியில் கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தெரு இது. இங்கே பால் திரியும், பருப்பு வேகாது, தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நார் ஆகிவிடும். அப்படிப்பட்ட தெருவில், விஜயதசமிக்கு மறுநாள் மத்தியானம், வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில், கனியக்கா வீட்டு ஹாலுக்குள் மட்டும் மழை பெய்தது என்றால் அதில் நாங்கள் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? வாசல் வழியாகத் தண்ணீர் தெருவுக்கு ஓடி வருவதைப் பார்த்து, யார் வீட்டில் தொட்டியை நிரம்பி வழிய விட்டார்கள் என்று திட்டிக்கொண்டே போனோம். எட்டிப் பார்த்தால் சீலிங் ஃபேனுக்கும் மேலேயிருந்து மழை சடசடவென்று இறங்கிக்கொண்டிருந்தது, சோபா நனைந்துகொண்டிருந்தது, சுவரில் மாட்டியிருந்த காலண்டரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஜெசிந்தா டீச்சர் உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, நல்ல தண்ணி என்றார். அவ்வளவுதான், தெரு முழுக்கக் குடம் எடுக்க ஓடியது.

கனியக்கா என்கிற செல்வக்கனியின் வீடுதான் எங்கள் தெருவில் முதல் வீடு. தண்ணீர் லாரி மெயின் ரோட்டில் திரும்பும்போதே அந்தச் சத்தம் அவளுக்குத் தெரிந்துவிடும். வாசலில் இறங்கி நின்று, ஜெசிந்தா டீச்சரில் தொடங்கி, டெய்லர் சுடலை, பிரியாணிக் கடை பீர் பாய் என்று வரிசையாக, கடைசி வீட்டு இசக்கிமுத்து வரைக்கும் ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அந்தக் குரலுக்கு மைக் தேவைப்பட்டதில்லை. இசக்கிமுத்து துறைமுகத்தில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறவன், இடி விழுந்தாலும் எழுந்திரிக்காதவன், அவள் கூப்பிட்டால் மட்டும் லுங்கியைப் பிடித்துக்கொண்டு குடத்தோடு ஓடி வருவான். பிறகு அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் மிஞ்சியது, பேச்சு போய்விட்டது, கழுத்தில் மூச்சு விடுவதற்கு ஒரு துளையும் அதன்மேல் ஒரு வெள்ளைத் துணியும் வந்தன. அதற்குப் பிறகு லாரி வந்தால் கனியக்கா வாசலில் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுவாள். தட்டுச் சத்தத்தில் யார் பெயரும் இருக்காது என்பதால் பாதிப் பேர் நமக்கில்லை என்று இருந்துவிடுவோம், லாரி போன பிறகு சண்டை போடுவோம்.

அவளுடைய வீட்டுக்காரர் நயினார் அண்ணாச்சி துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் சரக்கைச் சரிபார்க்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணால் பார்த்ததை நம்ப மாட்டார், போனில் பிடித்ததைத்தான் நம்புவார். கல்யாண வீட்டுப் பந்தியில் சோறு ஆறிக் கிடக்கும், இவர் எழுந்து நின்று இலையைப் படம் பிடித்துக்கொண்டிருப்பார். கனியக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கியபோதுகூட ஆட்டோவிலிருந்து அவளைக் கைப்பிடித்து இறக்கியது ஜெசிந்தா டீச்சர்தான், ஏனென்றால் இவர் கையில் போன் இருந்தது. இப்படிச் சேர்ந்த படங்கள் போனில் அடங்காமல் போனதும் ஒரு கறுப்புப் பெட்டி வாங்கினார். டிபன் கேரியரைவிடக் கொஞ்சம் பெரிசு, உள்ளே நாலு டிஸ்க் வரிசையாகச் செருகியிருக்கும், வைஃபையில் சேர்த்துவிட்டால் வீட்டில் உள்ள எந்தப் போனிலிருந்தும் எதை வேண்டுமானாலும் அதில் போடலாம், எடுக்கலாம். அண்ணாச்சிக்குத் தாராள மனசு. தெருவில் வீட்டுக்கொரு போல்டர் போட்டுக் கொடுத்தார். எங்கள் வீட்டுச் சடங்கு வீடியோக்கள், பத்திரங்களின் நகல்கள், செத்துப்போனவர்களின் கடைசிப் படங்கள் எல்லாம் நயினார் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தன, நாங்களும் எங்கள் போன்களைக் காலி செய்துவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

இத்தனை படம் பிடித்த மனிதரின் பெட்டியில் கனியக்காவின் குரல் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. போனைத் தூக்கினாலே அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுகிறவள். ஒரே ஒரு தடவை, சில வருஷங்களுக்கு முன் ஒரு கார்த்திகையில் பெரிய மழை கொட்டியபோது, மழை வந்த சந்தோஷத்தில் போனை மறந்துவிட்டாள். தெருவில் இறங்கி நனைந்துகொண்டே, குடத்தை எடுத்துட்டு வாங்க, நல்ல தண்ணி என்று டீச்சர் வீட்டிலிருந்து இசக்கிமுத்து வீடு வரைக்கும் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டாள். கடைசியில் திரும்பி, வாசலில் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்த புருஷனிடமும் ஒரு வார்த்தை சொன்னாள். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் அண்ணாச்சி அந்த வீடியோவைத் தினமும் ஒரு தடவையாவது போட்டுப் பார்ப்பார், யாராவது வந்தால் சட்டென்று அணைத்துவிடுவார்.

இனி நடந்த தப்பைச் சொல்ல வேண்டும். சரஸ்வதி பூஜைக்கு அரிவாள்மனையிலிருந்து ஆட்டோ வரைக்கும் கழுவிப் பொட்டு வைக்கிற ஊரில், தெருவையே வயிற்றில் வைத்திருக்கும் பெட்டிக்குப் பொட்டு வைக்காமல் விடுவார்களா? அண்ணாச்சி பெட்டியை அணைத்தார், வெளியே மட்டும் துடைத்தால் பக்தி பத்தாது என்று நாலு டிஸ்க்கையும் உருவி எடுத்தார், ஒவ்வொன்றாகத் துடைத்துக் கனியக்கா கையில் கொடுத்தார். அவள் சந்தனமும் குங்குமமும் வைத்து, எதையும் தெய்வத்தின் வலது கைப் பக்கத்திலிருந்து வைப்பதுதான் முறை என்பதால், சரஸ்வதி படத்தின் வலது கைக்கு நேராக முதல் டிஸ்க்கை வைத்து, அங்கிருந்து வரிசையாக மற்றதை அடுக்கினாள். விஜயதசமி அன்று காலையில் அண்ணாச்சி குளித்துவிட்டு வந்து, எதையும் நம் வலது கைப் பக்கத்திலிருந்து எடுப்பதுதான் முறை என்பதால், தன் வலது கைக்கு நேராக இருந்ததை முதலில் எடுத்து முதல் பள்ளத்தில் செருகினார். தெய்வம் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்பதையும், அதன் வலது நமக்கு இடது என்பதையும் அந்த நேரத்தில் யார் யோசிப்பார்கள்? முதலாவது கடைசியாகவும் கடைசி முதலாவதாகவும் உள்ளே போய் உட்கார்ந்தன.

பெட்டி முனகியது, விளக்கு மஞ்சளாகக் கண் சிமிட்டியது, போனில் ஒரு அறிவிப்பு வந்தது. பெட்டி கிடைத்தது, பெட்டியை ஓட்டும் சிஸ்டம் கிடைக்கவில்லை, மீண்டும் நிறுவவும். அண்ணாச்சி கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். எந்த ஊரிலிருந்தோ ஒரு பெண் பொறுமையாகப் பேசியது. சிஸ்டம் வேறு, நீங்கள் போட்டு வைத்த கோப்புகள் வேறு சார், பெட்டியின் பின்பக்கத் துளையில் ஊசியால் குத்தி அழுத்தி சிஸ்டத்தை மட்டும் புதிதாகப் போட்டால் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும், ஆனால் டிஸ்க்குகள் முன்பு இருந்த அதே வரிசையில் இருக்க வேண்டும், வரிசை மாறியிருந்தால் எங்களால் உறுதி சொல்ல முடியாது என்றது. பிறகு, பேக்கப் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டது. அப்படியென்றால் என்னவென்று இவர் கேட்டார். இதையெல்லாம் இன்னொரு இடத்திலும் வைத்திருக்கிறீர்களா என்று அது விளக்கியது.

"இதுதாம்மா அந்த இன்னொரு இடம்" என்றார் அண்ணாச்சி.

போனை வைத்தவர் அதன்பிறகு அந்தப் பெட்டியைத் தொடவில்லை. மறுநாள் மத்தியானம் மழை பெய்தது.

மழையோடு சேர்ந்து குரலும் வந்தது என்பதை நாங்கள் முதல் நாள் கவனிக்கவில்லை, குடம் பிடிக்கிற அவசரம். இரண்டாவது தடவைதான் காதில் விழுந்தது. மழைச் சத்தத்துக்கு உள்ளிருந்து, எங்களை இத்தனை வருஷம் எழுப்பிய அதே குரல், ஜெசிந்தா டீச்சரே, குடத்த எடுத்துட்டு வாங்க என்றது. டீச்சர் குடத்தோடு ஹாலிலேயேதான் நின்றிருந்தார், ஆனாலும் இந்தா வந்துட்டேன் கனி என்று பதில் சொல்லிவிட்டு அழுதார். கனியக்கா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கழுத்துத் துளைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் மூச்சடைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவளால் தன் மழையில் தானே நனைய முடியவில்லை. அண்ணாச்சி அவள் தலைக்குமேல் வீட்டுக்குள்ளேயே குடை பிடித்துக்கொண்டு நின்றார். குரல் ஒவ்வொரு பெயரைச் சொன்னபோதும் அவளுடைய உதடுகள் அதே பெயரைச் சொன்னதைப் பார்த்தோம்.

இத்தனை இருந்த பெட்டியிலிருந்து மழை மட்டும் ஏன் வந்தது என்று கேட்டால், எங்களுக்கு இல்லாதது மழைதான். கல்யாணம் நடக்காத தெருவாக இருந்திருந்தால் கல்யாணம் வந்திருக்கும். அண்ணாச்சி மின்சாரத்தைப் பிடுங்கிப் பார்த்தார், பிடுங்கிய பெட்டியிலிருந்தும் பெய்தது. பெட்டியைத் தூக்கி மொட்டைமாடியில் வைத்துப் பார்த்தார், மழை ஹாலைவிட்டு நகரவில்லை. சுடலை தன் போனில் அதைப் பதிவு செய்து பார்த்தார், போட்டுப் பார்த்தால் ஃபேன் சத்தமும், காய்ந்த ஹாலில் நாங்கள் நனைந்து நிற்பதும்தான் தெரிந்தன. சிஸ்டம் என்பது பெட்டிக்கு வாட்ச்மேன் மாதிரி, பழைய வாட்ச்மேன் போய்விட்டான், புதியவன் வரவில்லை, கேட் திறந்து கிடக்கிறது, அதான் வெளியே வருகிறது என்று அண்ணாச்சி விளக்கினார். புது வாட்ச்மேனுக்கு எது யார் வீட்டுச் சாமான் என்று தெரியுமா என்று நாங்கள் கேட்டோம். அதுதான் தெரியவில்லை என்றார்.

அந்த ஐப்பசியில் வானத்து மழை எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கடலிலிருந்து எழும்பிய மேகமெல்லாம் எங்கள் தலைக்குமேல் ஏறி மேற்கே எங்கோ போய்க்கொண்டிருந்தது. ஹால் மழைக்கும் நேரம் காலம் கிடையாது. சில நாள் காலையிலேயே வரும், சில நாள் நாள் முழுக்கக் காய வைத்துவிட்டுச் சாயங்காலம் வரும். அதனால் தெருவில் ஒருத்தராலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பஜாருக்குக் கிளம்பியவர்கள் முக்கு வரை போய்த் திரும்பி வந்தார்கள், குக்கர் சீறினால் மழையென்று எழுந்து ஓடினார்கள், சுடலை பாதி தைத்த ஜாக்கெட்டோடு வாசலில் வந்து வந்து நின்றார், இசக்கிமுத்து ஷிப்டை மாற்றிக்கொண்டு இரவும் பகலும் தூங்காமல் அலைந்தான். கனியக்கா வீட்டு டிவிக்குப் பாலிதீன் சுற்றினோம், சோபாவை வராந்தாவுக்குத் தள்ளினோம், தண்ணீர் வீணாகாமல் இருக்க ஹால் சுவரில் ஒரு ஓட்டை போட்டுக் குழாய் சொருகினோம். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி என்கிற எங்கள் லாரி வரிசைச் சட்டம் அந்த ஹாலுக்கும் வந்தது. தன்னுடையதைத் தப்பாமல் கண்டுபிடிக்க ஒருத்தர் குடத்தில் நெயில் பாலிஷ், ஒருத்தர் குடத்தில் சிவப்புத் துணி என்று அடையாளம் போட்டு, நாள் முழுவதும் குடங்கள் வரிசையில் நின்றன. அபிஷேகத்துக்கு ஒரு குடம் வேண்டும் என்று பூசாரி வந்தார், டீச்சர் ஒரு குடத்தைச் சர்ச்சுக்கு அனுப்பினார், அந்தத் தண்ணீரில் அரிசி பூ மாதிரி மலர்கிறது என்று பீர் பாய் சொன்னார். கவுன்சிலர் வந்து, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு மேலே அண்ணாந்து பார்த்து, வீட்டுக்குள் பெய்தால் வீட்டுக்காரர் பொறுப்பு, தெருவுக்கு வழிந்தால்தான் மாநகராட்சியில் சொல்ல முடியும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, போகும்போது காரில் ஒரு கேன் ஏற்றிக்கொண்டு போனார்.

அப்போதுதான் ஒரு நாள் மழை வந்தது, குரலும் வந்தது, ஆனால் டெய்லர் சுடலையில்தான் தொடங்கியது. டீச்சர் பெயர் வரவில்லை. சத்தத்தில் நமக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று டீச்சரே சொல்லிச் சிரித்தார். அதற்கு அடுத்த மழையில் சுடலையும் வரவில்லை, பீர் பாயில் தொடங்கியது. அண்ணாச்சி அந்த வீடியோவை மனப்பாடமாகத் தெரிந்தவர், கையிலிருந்த குடையை டீச்சரிடம் கொடுத்துவிட்டு ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெய்தது திரும்பவில்லை. ஒவ்வொரு மழைக்கும் வீடியோ தலைப்பக்கத்திலிருந்து கரைந்துகொண்டு வந்தது, தெருவின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, கடைசி வீடும் முடிந்துவிட்டால் மிஞ்சுவது அவரிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தை, அதற்கும் ஒரு மழை போதும்.

இது தெரிந்த அன்றைக்குத் தெருவே கூடிப் பேசியது. அண்ணாச்சி சிஸ்டத்தைத் திரும்பப் போட்டுக் கேட்டை மூட வேண்டும் என்றார், போடுவதற்கும் பயமாக இருக்கிறது என்றார், வரிசை தப்பியிருந்தால் அவள் குரலும் போய் உங்கள் போல்டர்களும் போய்விடும் என்றார். சுடலை தயங்கித் தயங்கி, இந்த ஐப்பசியும் பொய்த்துவிட்டது, கார்த்திகை வரைக்குமாவது விட்டுவைக்கலாமே என்றார். ஜெசிந்தா டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவ தொண்டையத்தான்வே நாம குடிச்சிட்டு இருக்கோம்" என்றார்.

குடங்களை எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனோம். எங்களுக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வெட்கத்தைக் குடிக்க முடியாது, அடுத்த மழைக்குச் சிலர் வந்தார்கள், அதற்கடுத்த மழைக்கு எல்லோரும் வந்தோம், டீச்சரும் வந்தார். பீர் பாய் பெயர் போனது. அவருக்குப் பிறகு இருந்த வீடுகளும் ஒவ்வொன்றாகப் போயின. தன் பெயர் கடைசியாக வரும் நாளில் அந்தந்த வீட்டுக்காரர்கள் குளித்து நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்று, பெயர் வந்ததும் இந்தா வாரேன் என்று பதில் சொன்னார்கள். இதை யாரும் ஏற்பாடு செய்யவில்லை, தானாக ஒரு வழக்கமாகிவிட்டது.

இசக்கிமுத்து பெயர் மட்டும் மிஞ்சியிருந்த நிலையில், ஒரு காலையில் அண்ணாச்சி துணிந்து நாலு டிஸ்க்கையும் உருவி ஒரு துண்டின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்றின் மேலும் எண் இல்லை, பூஜைக்குத் துடைத்தபோது ஸ்டிக்கரெல்லாம் உரிந்துபோயிருந்தது, சந்தனம் மட்டும் காய்ந்து ஒட்டியிருந்தது. வாசலில் நாங்கள் நின்றிருந்தோம். கனியக்கா அடுப்படியிலிருந்து வந்தாள், புருஷனை ஒரு நிமிஷம் பார்த்தாள், குனிந்து நாலையும் அப்படியே முன்பின்னாகத் திருப்பி அடுக்கினாள். பூஜை படத்தைக் காட்டினாள், சரஸ்வதியின் வலது கையைக் காட்டினாள், தன் வலது கையைக் காட்டினாள். லாரி வரிசையில் யார் குடத்துக்குப் பின்னால் யார் குடம் நின்றது என்பதில் ஒருநாளும் தவறாதவள், இதில் மட்டும் தவறுவாளா?

அண்ணாச்சிக்குப் புரிய நேரம் பிடித்தது.

"ஒனக்கு அன்னைக்கே தெரியுமா? தெரிஞ்சிருந்துமா இத்தன நாளும் சும்மா இருந்த?"

அவள் தன் போனை எடுத்து எதையோ தட்டி அவரிடம் நீட்டினாள். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைச் சத்தமாகவே படித்தார், அவருக்கு மனசுக்குள் படிக்கிற பழக்கம் கிடையாது.

"பெட்டிக்குள்ள இருந்தப்ப நீங்க ஒரு ஆள்தான் கேட்டீங்க. இப்பம் கூப்பிட்டா தெருவே குடத்தோட ஓடி வருது. எனக்கு இது போதும்."

படித்துவிட்டு அவர் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எனக்குப் போதாதே கனி என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படி உடைந்து நாங்கள் பார்த்ததில்லை. எல்லாரையும் கூப்பிட்ட குரல் எல்லாருக்கும் போகட்டும், எனக்குச் சொன்ன அந்த ஒண்ணை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். கனியக்கா யோசித்தாள். பிறகு தாலிச் சரட்டில் எப்போதும் மாட்டியிருக்கும் ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள், பெட்டியின் பின்பக்கம் இருந்த சின்னத் துளையில் குத்தி அழுத்துவதற்கு அதுதான் தோதாக இருந்தது.

டிஸ்க்குகள் அவள் வைத்த வரிசையில் உள்ளே போயின. அண்ணாச்சி ஊக்கை நுழைத்து, அந்தப் பெண் போனில் சொல்லிக்கொடுத்தபடி, பீப் என்று சத்தம் வரும்வரை அழுத்தி விட்டார், மறுபடியும் அழுத்தி விட்டார். விளக்கு அணைந்து எரிந்தது. போனில் நீலக் கோடு ஒன்று மெதுவாக நீண்டது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம், எங்கள் வீட்டுச் சடங்குகளும் சாவுகளும் பத்திரங்களும் அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் இருந்தன. கோடு முடிந்து ஒரு கேள்வி வந்தது. நாலு டிஸ்க்கும் சரியான வரிசையில் உள்ளன, கோப்புகளை வைத்துக்கொண்டு சிஸ்டத்தை நிறுவ வேண்டுமா? கீழே தொடர்க என்று ஒரு பட்டன். அதை அமுக்கினால் கேட் மூடிவிடும், மிஞ்சியது மிஞ்சிவிடும். அண்ணாச்சி கட்டைவிரலைத் தூக்கினார்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

சாரல் இல்லை, தூறல் இல்லை, எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. யார் கையிலும் குடம் இல்லை, அன்றைக்கு நாங்கள் தண்ணீருக்கு வரவில்லை. டீச்சர் ஓடிப்போய்க் குடையை எடுத்துக் கனியக்காவுக்குப் பிடித்தார். குரல் வந்தது. ஏ இசக்கிமுத்து, எந்திரிலே, நல்ல தண்ணி வீணாப் போகுது என்றது. எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த இசக்கிமுத்து, எந்திரிச்சிட்டேன்க்கா என்றான், அவனுக்கு வாய் கோணிக்கொண்டது. அதோடு தெரு முடிந்தது. ஒவ்வொரு தடவையும் இந்தப் பெயரோடு நின்றுவிடும் மழை அன்றைக்கு நிற்கவில்லை. இனி ஒரே ஒரு வார்த்தைதான். அண்ணாச்சியின் விரல் பட்டனுக்கு மேலே நின்றது, அமுக்குங்க அண்ணாச்சி, அமுக்குங்க என்று சுடலை பின்னாலிருந்து முணுமுணுத்தார், அண்ணாச்சி நிமிர்ந்து கனியக்காவைப் பார்த்தார். அவள் உதடுகள் ஏற்கெனவே அசையத் தொடங்கியிருந்தன. குரல் திரும்பியது, இதுவரை தெருவைப் பார்த்துப் பேசியது இப்போது பக்கத்தில் வந்து, எங்கள் யாருக்கும் சொல்லாமல் அவர் ஒருத்தருக்கு மட்டும் சொன்னது.

"இந்தாங்க, படம் புடிச்சது போதும். அந்தப் போனக் கீழ வச்சிட்டுக் குடத்த எடுங்க."

அந்த வீடியோவை அத்தனை தடவை பார்த்திருந்தும் அண்ணாச்சி ஒருநாளும் அதைச் செய்ததில்லை. மழை பெய்த அன்றைக்கும் சிரித்துக்கொண்டே படம் பிடித்துக்கொண்டுதான் இருந்தார், அவள்தான் குடத்தைத் தூக்கினாள். இப்போது போனை டிவி ஸ்டாண்டின்மேல் வைத்தார். அடுப்படிக்குள் போனார், குடத்தோடு வந்தார், ஹாலின் நடுவில் போய் நின்று இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தார். சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது, கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது, அவர் அசையவில்லை. குடத்தின் கழுத்து வரை வந்ததும் மழை நின்றது. ஃபேன் சுற்றுவது கேட்டது.

பிறகுதான் பட்டனை அமுக்கினார். கறுப்புப் பெட்டி இரண்டு தடவை பீப் என்றது, விளக்கு நீலமாகி நிலைத்து நின்றது, அந்தப் பெண் சொன்னது போலவே எல்லாமே வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. எங்கள் போல்டர்களில் ஒரு படம் குறையவில்லை. அந்த மழை வீடியோவும் பெயர் மாறாமல் இருந்தது, திறந்தால் காய்ந்த தெரு மட்டும் தெரிந்தது, நடுவில் ஒரு குடம் காலியாக நின்றது. அண்ணாச்சி அதை ஒரு தடவை பார்த்தார், அழிக்கவில்லை, அதற்குப் பிறகு திறக்கவும் இல்லை. கடைசிக் குடத்துத் தண்ணீரைக் கொஞ்சம் பாட்டிலில் பிடித்துப் பூஜை அறையில் வைக்கலாமே என்று டீச்சர் சொன்னார். கனியக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு அதில் எல்லோருக்கும் டீ போட்டாள், பால் திரியவில்லை.

ஹாலில் அதன்பிறகு மழை பெய்யவில்லை. கார்த்திகையிலும் வானம் எங்களை ஏமாற்றிவிட்டது. ஹால் சுவரில் போட்ட ஓட்டையை அடைத்துவிட்டு மறுபடியும் லாரிக்குக் காத்திருந்தோம். ஒரு காலையில் மெயின் ரோட்டில் லாரி திரும்பும் சத்தம் கேட்டு, கனியக்கா தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவள் அடிப்பதற்குள் நயினார் அண்ணாச்சி செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினார், கையில் போன் இல்லை, வாயைக் குவித்து ஜெசிந்தா டீச்சரே என்று கூப்பிட்டார். மீன் விற்கிற குரல் மாதிரித்தான் இருந்தது, முதல் பெயரிலேயே தொண்டை கட்டிக்கொண்டது, ஆனாலும் விடாமல் சுடலை, பீர் பாய் என்று வீடு வீடாகக் கூப்பிட்டுக்கொண்டே போனார். கதவுகள் திறந்தன, குடங்கள் வந்தன. கடைசி வீட்டுக்கு முந்தின வீட்டோடு பெயர் முடிந்துவிட்டதாக நினைத்து அவர் திரும்பியபோது, கனியக்கா தட்டில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். அவர் நின்று, நெற்றியில் தட்டிக்கொண்டு, தெருவின் கடைசியைப் பார்த்து, ஏ இசக்கிமுத்து, எந்திரிலே என்று கத்தினார். இசக்கிமுத்து லுங்கியைப் பிடித்துக்கொண்டு குடத்தோடு ஓடி வந்தான்.